எந்த நேரத்துக் காற்று?

(குப்பனூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நகர்ப்புறக் குடியிருப்புகளில் நச்சுக்காற்றைக் கண்காணிப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைப்பிதழ் வந்தது. குப்பனூருக்கும் நச்சுக்காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். ஏற்காட்டுக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் கடந்து போகிற ஊர் இது. கொட்டச்சேடு வழியாக மலைக்கு ஒரு சாலை ஏறுகிறது. மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூருக்கு ஒரு சாலை போகிறது. அந்தப் பக்கம், 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பழைய சாலையில் மண் சரிந்தால் மலை வண்டிகளெல்லாம் இங்கே திருப்பி விடப்படுகின்றன. ஆக, இந்த ஊர் காற்று வாங்கப் போகிறவர்களின் புகையை வாங்கிக்கொள்கிற ஊர். சரக்கேற்றிய டீசல் வண்டி மேட்டில் தாழ்ந்த கியரில் முக்கி ஏறும்போது சமதளத்தில் விடுவதைக் காட்டிலும் அதிகக் கரியைக் கக்கும். சாலையோரக் கடைக்காரர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனாலும் இன்று நான் அதிக நேரம் பேசப்போவது கடலூரைப் பற்றி. நச்சுக்காற்றை மக்களே அளந்த கதையில் தமிழ்நாட்டின் முதல் அத்தியாயம் அங்கேதான் எழுதப்பட்டது. அங்கிருந்து திரும்பி இந்த மலையடிவாரத்துக்கு வருவோம்.

கடலூர் நகரத்துக்குத் தெற்கே, உப்பனாற்றங்கரையை ஒட்டி, 1980களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், பசை என்று வேதித் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. சாலைக்கு இந்தப் பக்கம் கம்பெனி, அந்தப் பக்கம் ஊர். குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் எல்லாம் அப்படிப்பட்ட ஊர்கள்தான். இருபது ஆண்டுகளாக அந்த மக்கள் சொல்லிவந்தது ஒன்றே ஒன்று: ராத்திரியில் நாற்றம் தாங்கவில்லை, கண் எரிகிறது, குழந்தைகள் மூச்சு வாங்குகிறார்கள். மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அவர்கள் வந்தது பகலில். பகலில் நாற்றம் இல்லை. அல்லது நாற்றம் இருந்தது, ஆனால் அது எந்த வாயு என்று சொல்ல யாரிடமும் கருவி இல்லை. ‘நாற்றம்’ என்று கோப்பில் எழுதினால் நடவடிக்கைக்கு இடமில்லை; இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதினால்தான் இடமுண்டு. 2003இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையிலான மக்கள் தீர்ப்பாயம் அந்த ஊர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்து அறிக்கை வெளியிட்டது. அதிலும் துன்பம் இருந்தது, எண் இல்லை.

எண் வந்தது 2004இல், ஒரு பிளாஸ்டிக் வாளியில்.

அந்த வாளி பிறந்த இடம் அமெரிக்கா. கலிஃபோர்னியாவில் ரோடியோ என்ற ஊரில் யூனோகால் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று இருந்தது. அதற்கு எதிராக வழக்கு நடத்தியவர் எட்வர்ட் மாஸ்ரி. எரின் பிராக்கோவிச் படம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். எரின் வேலை பார்த்த வழக்கறிஞர் அவர்தான். ஒருநாள் ஆலையின் புகை அவருக்கே ஒத்துக்கொள்ளாமல் உடம்புக்கு முடியாமல் போயிற்று. அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்டார். எங்கள் கருவிகள் எதையும் காட்டவில்லையே என்றார்கள். தன் உடம்பு சொல்வதைக் கருவி சொல்லவில்லை என்றதும் அவர் பொறியாளர்களை வைத்து, சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் ஒரு கருவி செய்யச் சொன்னார். 1995இல் அது உருவாயிற்று. டென்னி லார்சன் என்ற செயற்பாட்டாளர் அதை ஊர் ஊராக, பிறகு நாடு நாடாக எடுத்துப் போனார்.

கருவி என்று சொல்கிறேனே தவிர, அதில் மர்மம் ஒன்றுமில்லை. மூடியுள்ள, ஏறக்குறைய 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி. உள்ளே டெட்லார் என்ற, வேதிப்பொருட்களோடு எளிதில் வினைபுரியாத பொருளால் ஆன பை. வாளிக்கும் பைக்கும் நடுவிலுள்ள காற்றைச் சிறு பம்பால் உறிஞ்சிவிட்டு வால்வைத் திறந்தால், வெளிக்காற்று தானாகப் பைக்குள் புகுந்து நிரம்பும். சில நிமிட வேலை. பிறகு பையை மூடி, எங்கே, எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது, என்ன வாடை என்று சீட்டில் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கெட்டுப்போவதற்குள் அது போய்ச் சேர வேண்டும். கடலூர்க் காற்று கூரியரில் கலிஃபோர்னியாவுக்குப் போனது. குடிகாட்டில் இருபது வருடம் சுவாசித்தவர் சொன்னால் நம்பாத காற்று, கடல் கடந்து போய் முத்திரையோடு திரும்பி வந்தால் நம்பப்படுகிறது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது.

வாளியைப் பிடித்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள். சிப்காட் பகுதிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். நித்தியானந்த் ஜெயராமன் உள்ளிட்ட செயற்பாட்டாளர்கள் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியில் வாளியைவிட முக்கியமானது மூக்கு என்பேன். அழுகிய முட்டை வாடை வந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம். அழுகின முட்டைக்கோஸ் வாடை என்றால் மெர்காப்டன் வகை. நகப்பூச்சு வாடை என்றால் கரைப்பான்களில் ஒன்று. இப்படி வாடையை இனம் பிரித்து, நேரத்தோடும் காற்றின் திசையோடும் சேர்த்துத் தினமும் நோட்டில் எழுதி வந்தார்கள். நோட்டைத் தொடர்ந்து பார்த்தால் எந்தக் கம்பெனி எந்த நேரத்தில் எதைத் திறந்து விடுகிறது என்ற ஒழுங்கு தெரியத் தொடங்கும். அந்த ஒழுங்கு தெரிந்த பிறகுதான் வாளியை எப்போது எங்கே திறப்பது என்று முடிவெடுக்க முடியும்.

2004 செப்டம்பரில் ‘கேஸ் டிரபிள்’ என்ற தலைப்பில் அறிக்கை வந்தது. 5 மாதிரிகளில் 20க்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருட்கள். பென்சீன், குளோரோஃபார்ம் போன்றவை அதில் அடக்கம். அபாயகரமான கழிவுகளுக்கான உச்சநீதிமன்றக் கண்காணிப்புக் குழு அதே ஆண்டில் கடலூருக்கு வந்து பார்த்தது. நாற்றம் என்று இருந்த விஷயம் அரசாங்கக் கோப்பில் வேதிப்பெயர்களாக நுழைந்தது அந்த ஆண்டில்தான்.

கம்பெனிக்காரர்களின் மறுப்பையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. சில நிமிடம் பிடித்த காற்றை, ஆயுள் முழுக்கச் சுவாசித்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்ட அமெரிக்க வரம்புகளோடு அறிக்கை ஒப்பிட்டது சரியா? சரியில்லை. மோசமான நிமிடத்தைத் தேடிப் பிடித்தீர்கள் என்றார்கள். ஆமாம், தேடித்தான் பிடித்தார்கள். அதற்காகத்தான் வாளி. ஆனால் எதிர்த் தவறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நல்ல நிமிடங்களையும் கெட்ட நிமிடங்களையும் கலந்து, கெட்டதைக் கரைத்துவிடுகிற சராசரி அது.

கணக்காகவே பார்ப்போம். மாணவர்கள் யாராவது எழுதிக்கொள்ளுங்கள். 2009 நவம்பர் 18இல் வெளியான தேசியக் காற்றுத்தர வரையறைப்படி, 2.5 மைக்ரானுக்கும் நுண்ணிய துகள் 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஓர் ஊரில் 23 மணி நேரம் 30 மைக்ரோகிராம் இருக்கிறது. இரவு 2 மணியிலிருந்து 3 மணி வரை மட்டும் 500க்கு எகிறுகிறது. சராசரி எவ்வளவு? 49.6. வரம்புக்குள் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்; அறிக்கையில் ஊர் நலமாக இருக்கும்.

இன்னொன்று. தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டத்தின் கைமுறை நிலையங்களில் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளக்க வேண்டும் என்பது விதி. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் மீதி 261 நாள் கணக்கில் வராது. சேலத்தில் சௌடேஸ்வரி கல்லூரிக் கட்டடத்தில் அப்படியொரு நிலையம் வைத்தார்கள். கல்லூரிக் கட்டடத்தின் மேல் நின்று அளப்பதற்கும் செவ்வாய்ப்பேட்டை லாரி நிறுத்தத்தில் நின்று சுவாசிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நிலையத்தைக் குறை சொல்லவில்லை. ஒரு நகரத்தின் பொதுவான போக்கைத் தெரிந்துகொள்ள அதுதான் சரியான இடம். ஒரு தெருவின் துன்பத்தைத் தெரிந்துகொள்ள அது ஏற்பட்டதல்ல.

மூன்றாவது சிக்கல் அந்த வரையறையிலேயே இருக்கிறது. மொத்தம் 12 மாசுகளுக்குத்தான் அதில் வரம்பு உண்டு. ஆவியாகும் கரிமச் சேர்மங்களில் அங்கே இடம் பிடித்தது பென்சீன் ஒன்றே. ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம். குளோரோஃபார்முக்கு வரம்பு இல்லை, ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு இல்லை. நாம் கைபேசியில் பார்க்கிற காற்றுத்தரக் குறியீடு 2015இல் வந்தது. அது 8 மாசுகளைக் கணக்கில் எடுக்கும். பென்சீன்கூட அதில் கிடையாது. பச்சை நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள், அந்தப் பச்சை எந்த எட்டைப் பற்றிப் பேசுகிறது என்று ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

அப்படியென்றால் மூக்கை மட்டும் நம்பலாமா? கடலூர் நண்பர்களின் மேல் எனக்குள்ள மதிப்பு குறையாமலே சொல்கிறேன், முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பல கருவிகள் தோற்றுப்போகும். ஆனால் அதே வாயு பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குக் கூடினால் மோப்ப நரம்பு மரத்துப் போகும், வாடை நின்றுவிடும். வாடை போயிற்று என்று நாம் நினைக்கும்போது அது உயிருக்கு ஆபத்தான அளவை நெருங்கிக்கொண்டிருக்கும். பென்சீனோ இன்னும் மோசம். அதன் வாடை தெரிய வேண்டுமானால் பத்து லட்சத்தில் ஓரிரு பங்காவது வேண்டும். நம் நாட்டு வரம்பு அதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. வரம்பைப் போல நூறு மடங்கு பென்சீன் உள்ள தெருவிலும் மூக்கு ஒன்றும் சொல்லாது. கார்பன் மோனாக்சைடுக்கோ வாடையே இல்லை. எப்போது பார்க்க வேண்டும் என்று மூக்கு சொல்லும், என்ன இருக்கிறது என்று வாளி சொல்லும், ஆண்டு முழுக்க எப்படி என்று நிலையம் சொல்லும். நம்மிடம் நிலையம் மட்டும்தான் அதிகாரபூர்வமானது.

எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நெடி தாங்காமல் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவில் ஓடினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் குழு பிறகு போய் அளந்தபோது ஆலை வாயிலருகே கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், வரம்பு 400. அவ்வளவு நிலையங்கள் உள்ள சென்னையிலும் மக்களை எழுப்பியது மூக்குதான். நல்ல வேளையாக அம்மோனியா நெடியுள்ள வாயு.

சரி, குப்பனூருக்கு வருகிறேன்.

சேலம் மலைகளுக்கு நடுவே உள்ள ஊர். வடக்கே நகரமலையும் சேர்வராயனும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் மலைச்சரிவு சீக்கிரம் குளிர்ந்து, குளிர்ந்த காற்று கனத்து, சரிவிலே இறங்கி அடிவாரத்தில் தேங்கும். அதற்கு மேலே வெப்பமான காற்று மூடி போட்டதுபோல நிற்கும். அந்த மூடிக்குக் கீழே எரித்ததெல்லாம் அங்கேயே இருக்கும். விடிகாலையில் ஏற்காட்டு மேட்டிலிருந்து கீழே பார்த்தால் அடிவாரத்தின் மேல் தட்டையாக ஒரு சாம்பல் நிறம் தெரியும். பனி என்று படம் பிடிப்பார்கள். பனியும் இருக்கும். டயர், பிளாஸ்டிக், சருகு, அடுப்பு, செங்கல் சூளை, லாரி எல்லாம் சேர்ந்திருக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் மூடி உடையும். அலுவலர் வரும் நேரம் பெரும்பாலும் அதற்குப் பிறகு.

நகரத்தின் குப்பை செட்டிச்சாவடிக்குப் போகிறது, அதுவும் இந்த மலையின் காலடிதான். சுண்ணாம்புக் கரட்டில் வெள்ளைக்கல் தோண்டத் தொடங்கி நூறு ஆண்டுக்கு மேலாகிறது. மலை உச்சியிலிருந்து பாக்சைட் வெட்டி மேட்டூருக்கு அலுமினியம் செய்யக் கொண்டுபோனார்கள். அந்த மேட்டூர், 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மாசுக் குறியீட்டில் 66.98 வாங்கியது. 70ஐத் தாண்டினால் மிக அபாயப் பட்டியல். கடலூர் 77.45. நம் மாவட்டம் மூன்று புள்ளிக்குக் கொஞ்சம் அதிகமாகக் குறைந்ததால் அந்தப் பட்டியலிலிருந்து தப்பியது.

ஆனால் குப்பனூர் அளக்கத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இவை எதுவுமல்ல. 2018இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு அளவுக்கல் நட்டார்களே, மஞ்சவாடியிலிருந்து குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டி வழியாக, அது உங்கள் வயல்களில் நடந்தது. 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்சநீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கையைச் செல்லும் என்றது. சாலை வேண்டுமா வேண்டாமா என்பது இந்த மேடைக்குரிய பேச்சல்ல. பெரிய திட்டம் எது வந்தாலும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் ‘அடிப்படைக் காற்றுத்தரம்’ என்று ஓர் அத்தியாயம் இருக்கும். வழக்கமாக ஒரு பருவம், 12 வாரம், வாரத்துக்கு இரண்டு முறை அளப்பார்கள். 24 எண்கள். திட்டக்காரர் அமர்த்திய ஆலோசகர், தான் தேர்ந்தெடுத்த பருவத்தில், தான் தேர்ந்தெடுத்த கூரையின் மேல் எடுத்த 24 எண்கள்தான் பிறகு எல்லாக் காலத்துக்கும் உங்கள் ஊரின் பழைய காற்று என்று ஆகிவிடும். கடலூர் மக்களிடம் 1980க்கு முந்தைய காற்றின் கணக்கு ஒன்றும் இல்லை. முன்பு நன்றாக இருந்தது என்ற வாய்ச்சொல்தான் இருந்தது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

எதைக் கொண்டு தொடங்குவது? கரைப்பான் வாயுக்களுக்கு வாளி வேண்டும், ஆய்வகச் செலவும் கடுமை. இந்த ஊரின் இன்றைய தொல்லை பெரும்பாலும் புகையும் தூசியும் என்பதால் அது உடனே தேவைப்படாது. சில ஆயிரம் ரூபாய்க்கு லேசர் ஒளியால் நுண்துகளை எண்ணும் சென்சார் கிடைக்கிறது. பள்ளிச் சுவரில் மாட்டலாம். எச்சரிக்கை ஒன்று: காற்றில் ஈரம் மிகுந்தால் நீர்த்துளியையும் தூசியென்று எண்ணி அது பொய்க்கணக்குக் காட்டும். ஏற்காட்டு மேகத்துக்குள் வைத்தால் டெல்லியைத் தோற்கடிக்கும். எனவே ஈரப்பதத்தையும் கூடவே குறிக்க வேண்டும். முடிந்தால் சேலத்தில் வாரியத்தின் தானியங்கி நிலையத்துக்குப் பக்கத்தில் சில வாரம் வைத்து ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். சரிபார்க்காத சென்சாரின் எண்ணை வாட்ஸ்அப்பில் பரப்புவதைவிட அளக்காமல் இருப்பது மேல்.

இன்னொரு கருவி இந்த மலையிலேயே விளைகிறது. மேலே காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களின் பட்டையில் சாம்பலும் பச்சையுமாகப் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மளிகைக் கடையில் கறிமசாலாவுக்கு வாங்கும் கல்பாசியும் அந்த இனம்தான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன். அதற்கு வேர் இல்லை. நீரையும் சத்துகளையும் நேரே காற்றிலிருந்து எடுக்கிறது, அதனால் நஞ்சையும் எடுக்கிறது. பாரிஸ் நகரத்து லக்சம்பர்க் தோட்டத்தில் லைக்கன்கள் குறைவதைக் கண்டு, காற்றின் தூய்மைக்கு இவை அளவுகோலாகும் என்று 1866இலேயே வில்லியம் நைலாண்டர் எழுதினார். 1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இருவர் இங்கிலாந்தில் எந்த லைக்கன் இருக்கிறது, எது மறைந்தது என்பதைக் கொண்டே கந்தக டை ஆக்சைடின் அளவை மதிப்பிடும் படிநிலையை வகுத்தார்கள். இலைபோல் விரிந்தவையும் தாடிபோல் தொங்குபவையும் முதலில் சாகும்; பட்டையோடு ஒட்டிக் கிடப்பவை கடைசி வரை தாக்குப்பிடிக்கும்.

அதை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. அடிவாரத்தில் வறட்சியாலேயே லைக்கன் குறைவு. மலைக்கும் அடிவாரத்துக்கும் ஒப்பிட்டால் மழையை அளந்ததாக ஆகும், மாசை அல்ல. ஒரே உயரத்தில், ஒரே மர வகையில், சாலையோரத்து மரத்தையும் தோட்டத்துக்குள் தள்ளி நிற்கும் மரத்தையும் ஒப்பிட வேண்டும். ஒரு சதுரச் சட்டத்தைப் பட்டையில் பொருத்தி, எத்தனை வகை, எவ்வளவு பரப்பு என்று ஆண்டுக்கொரு முறை எண்ணினால் போதும். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது; வகை பிரிக்கத் தெரிந்தவர்களை நாடித் தொலைவு போக வேண்டாம்.

மூன்றாவது, நோட்டு. கடலூர் நோட்டைப் போலத்தான். தேதி, மணி, காற்றின் திசை, வாடை, யாருக்கு என்ன செய்தது. சாமத்தில் எழுந்து எழுதுவதற்கு விவசாயிகளைவிடத் தகுந்தவர்கள் யார்? மோட்டார் போட எழுகிறவர்தானே.

இதெல்லாம் சட்டத்தின் முன் நிற்குமா என்று கேட்பீர்கள். நிற்காது. 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, புகைபோக்கியிலிருந்து வாரிய அலுவலர் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுத்த மாதிரிதான் சாட்சியம். வாளியும் நோட்டும் கல்பாசியும் அந்தக் கணக்கில் வராது. ஆனால் 1987 திருத்தத்துக்குப் பிறகு 43ஆம் பிரிவில் ஒரு வழி திறந்தது. வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தனி மனிதர் யாரும் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். அப்படிப் புகார் செய்தவர் கேட்டால், வாரியம் தன் கையிலுள்ள தொடர்புடைய அறிக்கைகளை அவருக்குக் கொடுக்க வேண்டும். பொது நலனுக்கு விரோதம் என்று கருதினால் மட்டும் மறுக்கலாம். எந்தத் தேதியின், எந்த மணியின், எந்த இடத்து அறிக்கை வேண்டும் என்று கேட்க, கேட்பவர் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும்.